ஒன்றும் நடக்கவில்லை

எனது காரின் முன் கண்ணாடியில், உட்புறமாக ஒட்டியிருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. ரோட்டில் ஒரு குழி வந்தால் அது தலையைக் குனிந்துகொள்ளும். பின்னால் வருகின்ற லொறியையும் பஸ்ஸையும் காட்ட வேண்டியது, பின்னாசனத்தில் கிடக்கும் குடையையும் மரக்கறிப் பையையும் காட்டிக்கொண்டிருக்கும். இடது கையால் அதை நிமிர்த்திவிட்டு நான் ஓட்டிக்கொண்டு போவேன். அடுத்த குழியில் அது மறுபடியும் குனியும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை நிமிர்த்தினேன் என்று எண்ணியதில்லை. எண்ணுகிற அளவுக்கு அது ஒரு விடயமாக எனக்குப் படவில்லை.

வாகனமும் வயதானது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் இந்த நாட்டுக்கு வந்து, மூன்று கைகள் மாறி என்னிடம் சேர்ந்தது. அதன் ஒரு கதவு உள்ளே இருந்து திறக்காது. மழை பெய்தால் இடது பக்கக் காலடியில் தண்ணீர் நிற்கும். இத்தனைக்கும் நடுவே ஒரு கண்ணாடி தலை குனிவதை யார் பெரிதாக எடுப்பார்? மூன்று மாதங்கள் இப்படியே போயின.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நிந்தவூரைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். கண்ணாடி குனிந்தது. கை போனது. கையோடு கண்ணும் போனது. கண் திரும்பி ரோட்டுக்கு வந்தபோது, பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு சிறுவன் சைக்கிளோடு ஏறி வந்துவிட்டிருந்தான். பத்து, பதினொரு வயதிருக்கும். ஹேண்டிலில் ஒரு பாண் பை தொங்கியது. நான் பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவனது பின் சில்லுக்கும் எனது பம்பருக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. சிறுவன் திரும்பிப் பார்த்தான். பெரியவர் ஒருவரின் காரை மறித்துவிட்டோம் என்ற வெட்கத்தோடு, பிழை தன்னுடையது என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் நடக்கல்லத்தானே" என்றார் மனைவி. மஃரிபுக்குப் பள்ளியில் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் தோளில் தட்டி, "ஒண்டும் நடக்கல்லியே, விடுங்க" என்றார். ஆறுதலுக்காக, அன்போடு சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. ஆனாலும் அன்றிரவு படுத்தபோது இந்த 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதைத்தான் என்னால் விழுங்க முடியாமல் போனது. உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லையா?

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் நகர்கிறது. கண்ணாடியை நிமிர்த்தி, அது சரியாக நின்றதா என்று பார்த்து, கண்ணை ரோட்டுக்குக் கொண்டு வர ஒன்றரைச் செக்கன் என்று வைத்துக்கொண்டால் 16 மீற்றர் தூரம் எனது வாகனத்தை யாரும் ஓட்டவில்லை. ஒவ்வொரு குழிக்கும் 16 மீற்றர். மூன்று மாதங்களில் அந்தத் தெருவிலே சாரதியில்லாத ஒரு காரை எத்தனை கிலோமீற்றர் தூரம் விட்டிருக்கிறேன்?

இந்தக் கேள்வியோடு போகும்போது, கப்பற் சொந்தக்காரன் ஒருவனின் கதை ஞாபகம் வந்தது. டபிள்யூ. கே. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877இல் எழுதிய 'நம்பிக்கையின் அறவியல்' என்ற கட்டுரை அந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை திருத்தப்பட்டது, நாடுவிட்டுப் போகும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படப் போகிறது. பயணத்துக்கு இது தாங்குமா என்ற சந்தேகம் சொந்தக்காரனுக்கு வருகிறது. அவன் அந்தச் சந்தேகத்தைச் சிறிது சிறிதாக அமுக்குகிறான். எத்தனை புயலைக் கண்ட கப்பல், இந்தமுறையும் திரும்பி வராதா என்கிறான். இத்தனை ஏழைகளை இறைவன் கைவிடமாட்டான் என்றும் தனக்குச் சொல்லிக்கொள்கிறான். முடிவில் மனதார நம்பிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறான்.

இதுவரை எவருக்கும் பிணக்கிருக்காது. கிளிஃபர்ட் அதற்குப் பிறகு கேட்பதுதான் கேள்வி. சரி, கப்பல் மூழ்கவில்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய குற்றம் குறையுமா? துளியும் குறையாது என்கிறார். அவன் குற்றவாளியானது கப்பல் மூழ்கியபோதல்ல, சந்தேகத்தை அமுக்கியபோதே என்பது அவரது தீர்ப்பு. கிளிஃபர்ட்டே 1870இல் சூரிய கிரகணம் ஒன்றைப் பார்க்கப் போய், சிசிலிக் கரையோரம் கப்பல் விபத்தில் உயிர் தப்பியவர் என்பதையும் சேர்த்து வாசித்தால், இது அறையிலிருந்து யோசித்த உதாரணமல்ல என்பது விளங்கும்.

அந்தக் கப்பற்காரனை நான் எனது காருக்குள்ளே கண்டேன். 'இத்தனை நாளும் ஓடியதுதானே' என்ற அதே வாதம். இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்வது சற்றுச் சங்கடமானது. அந்தக் கண்ணாடியில் ஒரு தஸ்பீஹ் தொங்கியது. உம்ராவுக்குப் போய்வந்த ராத்தா மக்காவிலிருந்து கொண்டுவந்து தந்தது. 'பயணத்துக்குப் பாதுகாப்பாக இரிக்கும்' என்று அவரே கண்ணாடியின் கழுத்தில் மாட்டிவிட்டார். கண்ணாடி தளர்ந்ததற்குத் தஸ்பீஹ் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொண்ணூற்றொன்பது மணிகளின் பாரம், ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு குழியிலும் ஆடி ஆடி அந்த மூட்டை இழுத்துக்கொண்டிருந்தது என்பது பௌதிகம். பாதுகாப்புக்கென்று தொங்கவிட்டதே பாதுகாப்பைக் களற்றியது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி சொன்ன நபிமொழியை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஒட்டகத்தைக் கட்டுகிற கயிற்றிலேயே தவக்குலைத் தொங்கவிட்டு, அந்தக் கயிற்றை அறுக்கிற வித்தையை நான் கண்டுபிடித்திருந்தேன். பிறரைக் குறைசொல்வதற்கில்லை, முன் கண்ணாடிக்குப் பின்னால் பூமாலையும் தெய்வப் படமும் குஞ்சமும் நிறைந்த பஸ்கள் இந்நாட்டில் எல்லாச் சமூகத்துக்கும் சொந்தமானவை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைக் களற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியபோது, சாரதிகள் சங்கங்கள் கொதித்தன. எனக்கும் அப்போது அந்தச் சாரதிகள் மீதுதான் அனுதாபம் இருந்தது.

கிளிஃபர்ட்டின் தீர்ப்பு எனக்கு முழுதும் ஒத்துவரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது மிகவும் துப்புரவான தீர்ப்பு. அந்தச் சிறுவன் எனது சில்லுக்குள் போயிருந்தால், நான் இன்று இருக்கும் அதே மனிதனாகத்தான் இருந்திருப்பேன், கவனயீனம் அதே அளவுதானே என்று எந்தத் தாயிடம் போய்ச் சொல்ல முடியும்? இதைப் பற்றி பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் 1976இல் எதிரெதிரே இருந்து கட்டுரை வாசித்தார்கள். 'அறநெறி சார்ந்த அதிர்ஷ்டம்' என்று அவர்கள் அதற்கு வைத்த பெயரே முரண்பாடானது. அதிர்ஷ்டத்துக்கும் அறத்துக்கும் என்ன உறவு? நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லொறிச் சாரதி. பிரேக்கைச் சோதிக்காமல் ஓட்டுகிறான். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் அவன் வாழ்நாள் முழுதும் தன்னை மன்னிக்கமாட்டான். வராவிட்டால் அது ஒரு சின்ன அலட்சியம், அவ்வளவுதான். இரண்டிலும் அவன் செய்தது ஒன்றே. குழந்தை வந்ததும் வராததும் அவன் கையில் இல்லை. வில்லியம்ஸ் இன்னும் ஒரு படி போகிறார். எந்தப் பிழையும் செய்யாத சாரதியின் லொறியில் ஒரு குழந்தை அகப்பட்டால்கூட, அவனுடைய துக்கம் வேடிக்கை பார்த்து நின்றவரின் துக்கம் போன்றதல்ல என்கிறார்.

எங்களுடைய ஷரீஆ இந்த முடிச்சை அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொட்டிருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்படுவது சுலபம். நான் அதற்காக இதைச் சொல்லவில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன் கொலைகாரனல்ல. ஆயினும் இறந்தவரின் குடும்பத்துக்கு இரத்த ஈடு கொடுக்க வேண்டும். ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், அதற்கு வழியில்லையெனில் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு பிடிக்க வேண்டும். ஆக, எண்ணத்துக்கு ஒரு கணக்கு, விளைவுக்கு இன்னொரு கணக்கு என்று இரண்டு ஏடுகள் இருக்கின்றன. விளைவு நிகழாதவனுக்கு இரண்டாவது ஏட்டில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. எனது இடர்ப்பாடு முதலாவது ஏட்டைப் பற்றியது. அங்கே எனது பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது? இரண்டாம் ஏட்டில் பக்கம் வெறுமையாக இருப்பதைக் காட்டி, முதலாம் ஏட்டையும் மூடிவிடத்தான் 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற வார்த்தை உதவுகிறது.

இரவல் புரியாமல் பிறருடைய பொருளை எடுத்துப் பாவித்துவிட்டு, சேதமில்லாமல் திருப்பி வைத்துவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வோமா? அவரிடம் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதானே. அந்தச் சிறுவனிடம் நான் எடுத்தது ஒரு பொருளல்ல, அவனுடைய பாதுகாப்பு. அதையும் மூன்று மாதமாக, அந்தத் தெருவில் நடந்த எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, கேட்காமல் எடுத்துப் பாவித்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது உண்மை. கொடுத்தது நான்கூட அல்ல. மனிதருக்குரிய உரிமையில் குறைவைத்தால் அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். யாரென்று தெரியாத, தனக்கு என்ன நேரவிருந்தது என்றே அறியாத ஒரு பிள்ளையிடம் எப்படி மாப்புக் கேட்பது? ஊரில் அவனைத் தேடிப் பிடித்து, 'மகன், நான் உங்களக் கொல்லப் பாத்தன், மன்னிச்சிருங்க' என்று சொன்னால், அது அவனுக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம். அவனுடைய நித்திரையையும் நான் எடுத்துக்கொண்டதாக ஆகும்.

பழக்கம் என்பதுதான் இதில் மிகவும் நுட்பமான பகுதி என்று நினைக்கிறேன். கப்பற்காரன் சந்தேகத்தை அமுக்கினான். என்னிடம் அமுக்குவதற்குச் சந்தேகமே இருக்கவில்லை. முதல் வாரம் கண்ணாடி குனிந்தபோது 'இதைச் செய்ய வேண்டும்' என்று நினைத்தேன். இரண்டாம் வாரமும் நினைத்தேன். அதற்குப் பிறகு கை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. மனதுக்கு வேலையில்லாமல் போயிற்று. குறை நீங்கவில்லை, குறை என்ற அறிவுதான் நீங்கியது. வாகனத்தில் மட்டுமா இது நடக்கிறது?

இந்தக் கண்ணாடியின் சரித்திரத்திலேயே இப்படியொரு சம்பவம் இருக்கிறது. 1909இல் டொரத்தி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் சாரதி, கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை அருகே வைத்துக்கொண்டு அவ்வப்போது பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த முதலாவது 500 மைல் பந்தயத்துக்கு ரே ஹரூன் என்பவர் தனியாக வந்தார். மற்றைய கார்களில் பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஓர் உதவியாளர் இருந்தார். ஹரூன் அந்த ஆளுக்குப் பதிலாக ஒரு கண்ணாடியைப் பூட்டியிருந்தார். அந்தப் பந்தயத்தில் அவரே வென்றார். கண்ணாடி உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்ட விடயம் என்னவென்றால், செங்கல் பதித்த அந்தப் பாதையில் கண்ணாடி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்ததால் அதில் ஒன்றுமே தெரியவில்லையாம்! ஆனாலும் கண்ணாடி 'இருந்தது'. எனது காரிலும் மூன்று மாதங்களாக ஒரு கண்ணாடி 'இருந்தது'. கண்ணாடி இல்லாத காரை நான் ஓட்டியிருக்கமாட்டேன் என்று நம்புகிறேன். இருப்பதுபோல் இருந்ததுதான் என்னை ஓட்ட வைத்தது.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில், உள்ளத்தின் விந்தைகளைப் பேசும் பகுதியில், உள்ளத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டு, கண்ணாடியில் உருவம் தெரியாமற் போவதற்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறார். கண்ணாடி இன்னும் மெருகேறாத வெறும் இரும்பாக இருப்பது, அழுக்கும் துருவும் ஏறியிருப்பது, பார்க்க வேண்டிய திசையிலிருந்து விலகித் திரும்பியிருப்பது, இடையிலே ஒரு திரை இருப்பது, பொருள் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதிருப்பது. அந்தக் காலத்துக் கண்ணாடி மெருகூட்டிய உலோகம் என்பதால்தான் துரு அங்கே வருகிறது. கடைசிக் காரணத்துக்கு அவர் காட்டும் உதாரணம், தன் பிடரியைத் தானே பார்க்க விரும்பும் ஒரு மனிதன். ஒரு கண்ணாடி போதாது, இரண்டு வேண்டும். பின்பக்கம் பார்ப்பதன் சிரமத்தை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இவ்வளவு துல்லியமாக யோசித்திருக்கிறார். எனது கண்ணாடிக்கு நேர்ந்தது இவற்றுள் மூன்றாவது என்று சொல்லலாம். ஆனால் அது திரும்பியே நின்றிருந்தால் நான் கவனித்திருப்பேன். சற்று நேரம் சரியாக நின்று, பிறகு விலகி, கை பட்டதும் மீண்டும் சரியாகிற கண்ணாடி, பார்ப்பவனைத் தன் குறைக்குப் பழக்கிவிடுகிறது.

பணமில்லை என்ற நியாயத்தைப் பற்றியும் நேர்மையாக யோசித்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குள் 2022இன் நெருக்கடியும் வந்து போனது. அந்த ஐந்து வருடங்களில் இந்நாட்டின் வாகனங்கள் எல்லாமே ஐந்து வயது கிழடாகின. ஸ்பெயார் பார்ட்ஸ் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஏராளம். வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒருவர், தேய்ந்த டயரோடு ஓடுவதை ஓய்வூதியம் வாங்குகிற நான் கண்டிக்க முடியாது. அவரிடம் தெரிவு குறைவு. எனக்கு அந்தக் கூரையின் கீழ் ஒதுங்க இடமில்லை. அந்தக் கண்ணாடியைத் திருத்துவதற்குச் செலவானது ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. ஏழ்மையல்ல, சோம்பலுமல்ல, அலட்சியம் என்று சொன்னாலும் போதாது. நான் தாமதித்ததற்கு ஒரு காரணமும் இல்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் கராஜுக்குப் போனேன். பாஸ் என்னைவிட மூத்தவர். கண்ணாடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"சேர், இது எத்தின நாளா இப்பிடி?"

"ஒரு மூணு மாசம் இரிக்கும் காக்கா."

"அப்ப நீங்க மூணு மாசமா ஒத்தக் கையாலதான் ஓடிரிக்கீங்க."

வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியின் பின்னால் கழுத்தில் இருந்த சின்ன ஸ்க்ரூவை இறுக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் இறுக்கவில்லை, முதலில் அதை முழுதாகக் களற்றினார். உருண்டை மூட்டு தேய்ந்திருந்தது மட்டுமல்ல, முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த இரும்புத் துண்டின் ஒரு ஓரமும் விட்டிருந்தது. "சுப்பர் குளூ போட்டுத் தாங்க, போறன்" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். அந்தப் பசை இறுகினால் வெடுக்கென்று நிற்கும், வெயிலில் சூடேறி, குழியில் அதிர்ந்தால் உடைந்துவிடும்; இதற்கென்று வேறு பசை இருக்கிறது என்றார். வெளிப்பக்கமாக ஒரு துண்டு டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டார். பிளேட்டால் பழைய பசையைச் சுரண்டினார். அது அதிக நேரம் எடுத்தது. கண்ணாடியில் நகம் வழுக்கும் வரைக்கும் சுரண்டினார். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, அந்த இடத்தை நான் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டார். விரலின் எண்ணெய் பட்டால் பிடிக்காதாம். பசை வைத்து, ஒரு நிமிடத்துக்கும் மேலாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணாடிய இப்ப மாட்ட ஏலா. நாளைக்கி வாங்க. கார் இஞ்ச நிக்கட்டும்."

மறுநாள் போனபோது மூட்டையும் சரிசெய்து மாட்டியிருந்தார். நான் இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்றேன். "கூட இறுக்கினா ஆபத்து சேர். எங்கயும் அடிபட்டா தல இதிலதான் வந்து மோதும். அந்த நேரம் இது விட்டுக் குடுக்கணும்" என்றார். அதிர்வுக்கு அசையக்கூடாது, தலை பட்டால் விலக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது. அதை அவர் கையால் அறிந்து வைத்திருந்தார்.

தஸ்பீஹைக் கடதாசியில் சுற்றி என்னிடம் தந்தார். ராத்தா கேட்டால் என்ன சொல்வது என்று வீடு வரும்வரை யோசித்தேன். இப்போது அது தொழுகைப் பாயின் பக்கத்தில், ஓதுவதற்கென்று இருக்கிறது. ராத்தா ஒருநாள் காரில் ஏறி, கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

நிந்தவூரைத் தாண்டும்போது, பாண் பையோடு போகிற சிறுவர்களைப் பார்க்கிறேன். எவன் அவன் என்று இனி அடையாளம் காண முடியாது. எல்லாச் சிறுவர்களுமே ஒரே மாதிரித்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். கண்ணாடி அசைவதில்லை. அந்தக் குழி வரும்போது எனது இடது கை மட்டும் இன்னும் எழும்பப் பார்க்கிறது.